முன்னெழுத்தும் பெயரும்: தத்துக் குழந்தையின் பெயர்மாற்றத்தில் சட்டம் கேட்காத கேள்வி

கேள்வி எது?

தத்தெடுப்பைப் பற்றித் தமிழில் நடந்துள்ள விவாதங்களில் பெரும்பங்கு சொத்தைப் பற்றியது. தத்துப் பிள்ளைக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டா, பெற்றவர்கள் வழிச் சொத்து என்ன ஆகும், கைம்பெண் எடுத்த தத்து செல்லுமா என்பவையே நூறாண்டுகளுக்கு மேலாக நீதிமன்றங்களையும் குடும்பங்களையும் அலைக்கழித்த கேள்விகள். அண்மைக் காலத்தில் பேச்சு காத்திருப்புப் பட்டியலின் நீளத்துக்கு மாறியிருக்கிறது. குழந்தையின் பெயர் இந்த இரண்டு விவாதங்களிலும் இடம்பெறவில்லை. எந்த அலுவலகத்துக்குப் போவது, எத்தனை ரூபாய் முத்திரைத்தாளில் பிரமாணப் பத்திரம் எழுதுவது, எவ்வளவு நாளாகும் என்ற அளவில் அது ஒரு நடைமுறைச் சிக்கலாகவே பார்க்கப்படுகிறது.

அதற்கு முன்பே எழவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தத்தெடுத்த குழந்தையின் பெயரை மாற்றும்போது எதை மாற்றுகிறோம், யாருடைய ஒப்புதலோடு மாற்றுகிறோம்? தமிழ்நாட்டில் இக்கேள்வியைத் தெளிவாகக் கேட்க நம் பெயரிடும் முறையே வசதி செய்து தருகிறது. இங்கே பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னெழுத்து பெற்றோர் யார் என்று சொல்கிறது. அதன்பின் வரும் பெயர் இன்னார் என்று ஆளைச் சுட்டுகிறது. குழந்தை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டின் பிள்ளையாகும்போது முன்னெழுத்து மாறுவது அந்த உறவு மாற்றத்தின் நேரடி விளைவு. அதைச் செலவில்லாமல், அலைச்சலில்லாமல், ஊருக்கு அறிவிக்காமல் செய்து தருவது அரசின் கடமை. பெயர் மாறுவது அப்படிப்பட்ட விளைவு அன்று. அது தனியாக எடுக்கப்படும் ஒரு முடிவு. தனியாக நியாயப்படுத்தப்பட வேண்டிய முடிவு. நம் சட்டங்களும் அலுவலகங்களும் இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகின்றன என்பதும், அந்தக் குழப்பத்தின் விலையைக் குழந்தையே கொடுக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இரு சட்டங்கள், ஒரே மௌனம்

இந்தியாவில் தத்தெடுப்புக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம். பெற்றவர்களோ பாதுகாவலரோ நேரடியாகக் கொடுக்க, எடுப்பவர்கள் வாங்கிக்கொள்ளும் முறை இது. கொடுத்து வாங்குவது உண்மையில் நடந்திருக்க வேண்டும். தத்த ஹோமம் கட்டாயமில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரத்தைப் பதிவு செய்துவிட்டால், அத்தத்து சட்டப்படி நடந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கும் என்கிறது அதன் 16ஆம் பிரிவு. வழக்காறு வேறாக இருந்தாலொழிய, பதினைந்து வயது நிறையாத, மணமாகாத பிள்ளையைத் தத்துக் கொடுக்கலாம். உறவினருக்குள் நடக்கும் தத்துகளில் மிகப் பல இவ்வழியில்தான் நடக்கின்றன.

மற்றது, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். கைவிடப்பட்ட, ஆதரவற்ற, ஒப்படைக்கப்பட்ட குழந்தைகள் இதன்கீழ் வருகிறார்கள். குழந்தைகள் நலக் குழு, சிறப்புத் தத்துவள மையம், ‘காரா’ என்று அறியப்படும் மத்திய ஆணையம் ஆகியவற்றின் வழியாக நடக்கும் தத்து இது. 2021இல் வந்த திருத்தத்தால், 2022 செப்டம்பர் முதல் தத்து உத்தரவைப் பிறப்பிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட ஆட்சியருக்கு மாறியது. எல்லா மதத்தினருக்கும் பொதுவான வழி இது. சமூகச் செயல்பாட்டாளர் ஷப்னம் ஹாஷ்மி தொடுத்த வழக்கில் 2014 பிப்ரவரி 19 அன்று, இச்சட்டத்துக்கு முந்தைய இளைஞர் நீதிச் சட்டம் நடப்பிலிருந்தபோதே, உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் பார்சிகளும் 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின்கீழ் பாதுகாவலராக மட்டுமே ஆக முடிந்தது.

இந்து தத்துச் சட்டத்தின் 12ஆம் பிரிவும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 63ஆம் பிரிவும் தத்தின் விளைவைச் சொல்பவை. எல்லா வகையிலும் குழந்தை தத்தெடுத்தவரின் பிள்ளையே என்று இரண்டும் உரைக்கின்றன. இரண்டிலும் பெயரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ‘எல்லா வகையிலும்’ என்பதற்குள் பெயரும் அடக்கம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

குழந்தையின் விருப்பத்தைக் கேட்கும் மரபே இச்சட்டங்களில் இல்லை என்றும் சொல்ல முடியாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 61ஆம் பிரிவின்படி, தத்து உத்தரவு பிறப்பிக்கும் முன் குழந்தையின் வயதையும் புரிதலையும் கருதி அதன் விருப்பத்துக்கு மதிப்பளிக்க வேண்டும். இந்து தத்துச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பாதுகாவலர் ஒருவர் நீதிமன்ற அனுமதியோடு குழந்தையைக் கொடுக்கும்போது இதையே கேட்கிறது. பெற்றவர்களே கொடுத்தால் கேட்பதில்லை. ஆக, புதிய வீட்டுக்குப் போகச் சம்மதமா என்று சில சமயம் கேட்கப்படும் குழந்தையிடம், அங்கே எந்தப் பெயரில் வாழ விரும்புகிறாய் என்று கேட்கும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

சுவீகார மரபில் பெயர்

மரபு இதை எப்படிக் கையாண்டது? தரும சாத்திர நூல்களின் கவலை கோத்திரத்தைப் பற்றியது. தத்துப் போன மகன் பெற்ற தந்தையின் கோத்திரத்தையும் சொத்தையும் இழந்து, எடுத்த தந்தையின் கோத்திரத்தையும் சொத்தையும் பெறுகிறான். பிதிர்க்கடன் செய்ய ஆள் வேண்டும் என்பதே தேவை. இரண்டு தந்தையருக்கும் உரிய மகன் என்ற ஏற்பாடும் இருந்திருக்கிறது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் வைக்கவில்லை. ஆயினும் அச்சட்டமே பிறந்த வீட்டை முழுதாக மறக்கவில்லை. பிறந்த குடும்பத்தில் யாரை மணக்கக் கூடாதோ அவரைத் தத்துப் போன பின்னும் மணக்கக் கூடாது என்று 12ஆம் பிரிவே விலக்கு வைக்கிறது. தத்துக்கு முன் குழந்தைக்குச் சேர்ந்துவிட்ட சொத்து அதனிடமே இருக்கும் என்கிறது. பழைய அடையாளத்தின் சுவடு எங்காவது பாதுகாக்கப்படாமல் இவ்விரு விலக்குகளும் நடைமுறையில் செல்லாக் காசு.

செட்டிநாட்டு நகரத்தார் வழக்கம் பெயர் பற்றிய நம் விவாதத்துக்கு நேரடியாக உதவுகிறது. அவர்கள் ‘பிள்ளை கூட்டுதல்’ என்பார்கள். பெரும்பாலும் ஒரே கோவில் பங்காளிகளிடமிருந்து பிள்ளை வரும். கூட்டப்பட்ட பிள்ளை அந்த வீட்டின் விலாசத்தை, அதாவது தொழிலுக்கும் கணக்குக்கும் அடையாளமான முன்னெழுத்து வரிசையை, ஏற்றுக்கொள்கிறான். பேரனுக்குப் பாட்டனார் பெயரை வைப்பது அவர்கள் முறை என்பதால், புதிய வீட்டின் பாட்டனார் பெயரே பிள்ளைக்கும் வருவது உண்டு. இங்கே விலாசமும் பெயரும் சேர்ந்தே மாறுகின்றன. வீட்டின் தொடர்ச்சிக்குள் பிள்ளை முழுதாகப் பொருத்தப்படுகிறான்.

கவிஞர் கண்ணதாசனின் வாழ்க்கை இதற்கு எல்லோரும் அறிந்த சான்று. 1927இல் சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்தவர், சிறுவயதில் ஏழாயிரம் ரூபாய்க்கு வேறொரு வீட்டுக்குப் பிள்ளையாகப் போனார். அந்த வீட்டில் அவர் நாராயணன். பிறகு எழுத வந்தபோது தனக்கென்று மூன்றாவது பெயரைத் தானே தேர்ந்துகொண்டார். புனைபெயர் வைத்துக்கொள்ளாத எழுத்தாளர் அந்தக் காலத்தில் குறைவு என்பதால் இதிலிருந்து உளவியல் முடிவு எதையும் நான் எடுக்க விரும்பவில்லை. பெற்றவர் தந்த பெயர், கூட்டிக்கொண்டவர் தந்த பெயர், தானே சூட்டிக்கொண்ட பெயர் என மூன்றும் ஒருவர் வாழ்வில் வரிசையாக வந்திருப்பதும், அவற்றில் கடைசி ஒன்றே அவர் கேட்டுப் பெற்றது என்பதும் கவனிக்கத்தக்கவை. பிறந்த பெயரை அவரும் ஊரும் மறக்கவில்லை. உறவுக்குள் நடக்கும் தத்தில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும்; பெயர் மாறினாலும் நினைவு அழிவதில்லை. தொட்டிலில் விடப்பட்ட குழந்தைக்கு அப்படி நினைவு வைத்திருக்க ஊர் இல்லை.

இதற்கு நேர் எதிரான நிலைப்பாடு இஸ்லாமிய மரபில் உள்ளது. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களைப் பெற்ற தந்தையரின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்பது குர்ஆனின் 33ஆம் அத்தியாயம் 5ஆம் வசனத்தின் கட்டளை. வளர்ப்பது பெரும் புண்ணியம்; வம்சத் தொடர்பை மாற்றிச் சொல்வது கூடாது. ‘கஃபாலா’ என்ற இந்தப் பராமரிப்பு முறையை ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கை 20ஆம் உறுப்பில் ஏற்றிருக்கிறது. முன்னெழுத்தே மாறக்கூடாது என்று ஒரு மரபு. முன்னெழுத்தோடு பெயரும் மாறவேண்டும் என்று இன்னொரு மரபு. இரண்டிலும் மையக் கவலை தந்தைவழிதான். குழந்தை எந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கிறது என்பது இரண்டிலும் கேள்வியாக எழவில்லை.

பதிவேட்டின் ஓரத்தில்

நடைமுறைக்கு வருவோம். குழந்தையின் பெயர் சட்டப்படி முதலில் பதியும் இடம் பிறப்புப் பதிவேடு. பெயரில்லாமல் பிறப்பைப் பதிந்து, பிறகு பெயரைச் சேர்க்க 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இடம் தருகிறது. பெயர் சேராத நிலையில் தத்துப் போகும் குழந்தைக்குச் சிக்கல் குறைவு. சேர்ந்துவிட்ட பெயரை மாற்றுவதே பிரச்சினை. அதற்கு இருப்பது 15ஆம் பிரிவு. அது திருத்த அனுமதிப்பது பிழையான பதிவுகளையும் மோசடியாகவோ முறைகேடாகவோ செய்யப்பட்ட பதிவுகளையும் மட்டுமே.

தத்துக் குழந்தையின் பிறப்புப் பதிவில் பிழை எதுவும் இல்லை. அதைப் பெற்ற தாய் அவர்தான். அன்று வைத்த பெயர் அதுதான். எழுதியபோது அது உண்மை. பிழைதிருத்தப் பிரிவின்கீழ் உண்மையான ஒரு பதிவைத் திருத்தக் கேட்பதால்தான் பிறப்புப் பதிவாளர்கள் தயங்குகிறார்கள். நீதிமன்ற உத்தரவு கொண்டுவா என்கிறார்கள். பதிவு செய்த தத்துப் பத்திரமே போதாதா என்ற வழக்குகள் வெவ்வேறு உயர் நீதிமன்றங்களுக்குத் திரும்பத் திரும்பப் போனதற்கு அலுவலர்களின் பிடிவாதத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரு நிகழ்வைப் பிழையாகக் கருதிக் கையாளச் சொல்லும் சட்டத்தின் அமைப்பிலேயே கோளாறு இருக்கிறது.

அந்தப் பிரிவில் ஒரு நல்ல கூறும் உண்டு. மூலப் பதிவை அழிக்கவோ அடித்து எழுதவோ கூடாது. ஓரத்தில் உரிய குறிப்பை எழுதி, பதிவாளர் கையொப்பமிட்டுத் தேதியிட வேண்டும். பேரேட்டின் ஓரத்தில் அந்தச் சிறு குறிப்புக்குப் பக்கத்தில் பழைய பெயர் அப்படியே இருக்கும். ஆனால் 17ஆம் பிரிவு, பிறப்புப் பதிவேட்டில் எந்தப் பதிவையும் தேடச்சொல்லி அதன் நகலைப் பெற யாருக்கும் வாய்ப்பளிக்கிறது. பழையதை அழிக்காமல் வைத்திருப்பதும், கண்டவர் கையில் அது போகாமல் காப்பதும் ஆகிய இரண்டு தேவைகளில் நம் சட்டம் முதலாவதை மட்டும் நிறைவேற்றுகிறது.

நிறுவனம் வழியாக நடக்கும் தத்தில் நிலைமை மேல். தத்து உத்தரவு வந்ததும், தத்தெடுத்தவர்களைப் பெற்றோராகக் காட்டும் பிறப்புச் சான்றிதழுக்குத் தத்துவள மையமே விண்ணப்பிக்க வேண்டும் என்று தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. புதிய பெயரைத் தத்து மனுவிலேயே கோருவது வழக்கம். பெற்றோருக்கு அலைச்சல் குறைகிறது. ஆனால் அந்த மனுவில் பெயர் ஒரு விவரமாக மட்டுமே இடம்பெறுகிறது. ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்பார் இல்லை.

2023இல் பதிவுச் சட்டம் திருத்தப்பட்டது. 2023 அக்டோபர் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. தத்துக் குழந்தைகள், கைவிடப்பட்டவர்கள், ஒப்படைக்கப்பட்டவர்கள், தனிப்பெற்றோரின் குழந்தைகள் ஆகியோரின் பதிவு இத்திருத்தத்தால் முதன்முறையாகச் சட்டத்தின் பேச்சுக்குள் வந்தது. அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, ஆதார் எல்லாவற்றிலும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். முன்பு பள்ளி மாற்றுச் சான்றிதழை வைத்துச் சமாளித்த குடும்பங்களுக்கு இனி அந்த வழி இல்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயருமாக இருக்கும் தத்துக் குழந்தைக்கு இத்திருத்தம் நெருக்கடியை எவ்வளவு கூட்டுகிறது என்று இதுவரை யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அரசிதழ் வெளியிடும் ரகசியம்

பிறப்புப் பதிவு வழி அடைபடும்போது மக்கள் நாடுவது அரசிதழை. சென்னையிலுள்ள எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையில் விண்ணப்பித்தால் பெயர் மாற்ற அறிவிக்கை வெளியாகும். அதன் வாசகம் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். “என் மகள்” என்று தொடங்கி பழைய பெயர், பிறந்த தேதி, பூர்வீக மாவட்டம், கதவிலக்கத்தோடு வீட்டு முகவரி, ‘இனி இப்பெயரால் அழைக்கப்படுவார்’ என்று புதிய பெயர். கீழே பெற்றோரின் பெயர், ஊர், தேதி. பெரியவர் ஒருவர் எண்கணிதம் பார்த்துப் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள்வதற்கு இந்த வடிவம் பொருத்தமானது. ஏமாற்று வேலை நடக்காமலிருக்க ஊரறியச் சொல்வதே அதன் நோக்கம்.

தத்துக் குழந்தைக்கு இதே வடிவம் தீங்காகிறது. பழைய முன்னெழுத்தும் புதிய முன்னெழுத்தும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து வந்தால், விவரம் தெரிந்தவருக்கு அது தத்து என்று புரிய ஒரு நொடி போதும். அரசிதழ் இன்று இணையத்திலும் கிடைக்கிறது. ஒருபுறம் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி எதையும் வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. தத்து ஆவணங்கள் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்று ஒழுங்குமுறைகள் வலியுறுத்துகின்றன. மறுபுறம், அதே குழந்தையின் பெயர்மாற்றத்தை முகவரியோடு அரசே அச்சிடுகிறது. தத்தெடுத்த பெற்றோரை இந்த இடத்துக்குத் தள்ளுவது அநியாயம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. தத்து உத்தரவோ பதிவு செய்த தத்துப் பத்திரமோ கையில் இருக்கும் குடும்பத்திடம் எந்த அலுவலகமும் அரசிதழ் நகல் கேட்கக் கூடாது.

நீதிமன்றம் சொன்னதும் சொல்லாததும்

பெயர் குறித்து உச்ச நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகளை இங்கே எடைபோட வேண்டும். முதலாவது, 2021 ஜூன் 3 அன்று மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான வழக்குகளில் வந்தது. பெயர் ஒருவரின் அடையாளத்தின் பகுதி. அதன்மீது அவருக்குக் கட்டுப்பாடு இருப்பது அரசியலமைப்பின் 19ஆம் உறுப்பு தரும் கருத்துரிமையோடு இணைந்தது என்று நீதிமன்றம் ஏற்றது. வாரியம் உரிய நிபந்தனைகளோடு சான்றிதழில் பெயரை மாற்றித்தர வேண்டும் என்றும் சொன்னது.

இரண்டாவது, 2022 ஜூலை 28 தீர்ப்பு. ஆந்திரத்தைச் சேர்ந்த ஒரு தாய், கணவர் இறந்தபின் மறுமணம் செய்துகொண்டார். குழந்தையின் குடும்பப் பெயரை அவர் மாற்றியதை இறந்த கணவரின் பெற்றோர் எதிர்த்தனர். பழைய குடும்பப் பெயரைத் திரும்பப் போடு, இரண்டாம் கணவரை ஆவணங்களில் ‘மாற்றாந்தந்தை’ என்று குறிப்பிடு என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. இயற்கைப் பாதுகாவலராக எஞ்சியிருக்கும் தாய்க்குக் குழந்தையின் குடும்பப் பெயரைத் தீர்மானிக்க உரிமை உண்டு. மாற்றாந்தந்தை என்று எழுதச் சொல்வது கொடுமை. வீட்டிலுள்ளவர்களின் பெயரோடு பொருந்தாத குடும்பப் பெயர், குழந்தைக்குத் தான் தத்துப் பிள்ளை என்பதை ஓயாமல் நினைவூட்டிக்கொண்டிருக்கும், தேவையற்ற கேள்விகளுக்கு ஆளாக்கும் என்பது நீதிமன்றத்தின் காரணம்.

தீர்ப்பின் முடிவு சரி. குடும்பப் பெயரைப் பற்றிய அந்தக் காரணம் நம் முன்னெழுத்துக்கும் அப்படியே பொருந்தும். பள்ளி வருகைப் பதிவேட்டில் அண்ணனுக்கு ஒரு முன்னெழுத்தும் தங்கைக்கு வேறொன்றும் இருந்தால் என்னென்ன கேள்விகள் வரும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். ஆனால் இத்தீர்ப்பைக் காட்டி, குழந்தையின் பெயரையும் மாற்றுவது தத்தின் இயல்பான தொடர்ச்சி என்று வாதிடுவதை ஏற்க முடியாது. அண்ணன் பெயர் ஒன்றாகவும் தங்கை பெயர் வேறாகவும் இருப்பதை யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. நினைவூட்டலுக்கு அஞ்சும் அந்த வாதத்துக்குள், தத்து என்பது குழந்தையிடமிருந்தும் மறைக்கப்பட வேண்டிய செய்தி என்ற பழைய எண்ணம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மறைத்த உண்மை உறவினர் வாயாலோ சொத்துத் தகராறிலோ என்றாவது ஒருநாள் வெளிவந்தே தீரும் என்பதால்தான், பிஞ்சு வயதிலேயே சொல்லிவிடுங்கள் என்று தத்து ஆலோசகர்கள் பெற்றோரிடம் வற்புறுத்துகிறார்கள்.

2021 தீர்ப்பையும் 2022 தீர்ப்பையும் அருகருகே வைத்தால் ஓர் இடைவெளி தெரிகிறது. வளர்ந்த மாணவருக்குத் தன் பெயர்மீது உரிமை உண்டு; சிறு குழந்தையின் குடும்பப் பெயர்மீது தாய்க்கு உரிமை உண்டு. ஏழு வயதில் தத்துப் போகும் குழந்தைக்குத் தன் சொந்தப் பெயர்மீது என்ன உரிமை? இரண்டு தீர்ப்புகளிலும் பதில் இல்லை. அக்கேள்வி இன்னும் அந்த நீதிமன்றத்தின் முன் வரவில்லை.

இங்கிலாந்துச் சட்டம் ஓரளவு பதில் வைத்திருக்கிறது. அங்கே 2002ஆம் ஆண்டின் தத்துச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, தத்துக்காக ஒரு வீட்டில் வைக்கப்பட்டுள்ள குழந்தையின் குடும்பப் பெயரை நீதிமன்ற அனுமதியோ பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோ இன்றி மாற்றத் தடை விதிக்கிறது. முதற்பெயரைப் பற்றி அங்கும் சட்டம் பேசவில்லை. ஆனால் வளர்ப்புக் குடும்பத்தார் தாமாகவே முதற்பெயரை மாற்றியதைக் குறித்து 2003இல் வெளியான ஒரு தீர்ப்பில், குடும்ப நீதிமன்றப் பிரிவின் தலைவராக இருந்த எலிசபெத் பட்லர்-ஸ்லாஸ் கண்டிப்பான நிலை எடுத்தார்: முதற்பெயரும் குழந்தையின் அடையாளம், அதை இஷ்டம்போல் மாற்றக் கூடாது. தத்துக் குழந்தைகளுக்கென்று தனிப் பதிவேடு உண்டு. அதையும் மூலப் பதிவையும் இணைக்கும் விவரம் பொதுமக்கள் பார்வைக்கு வராது. பதினெட்டு வயதானதும் தன் மூலப் பிறப்புச் சான்றிதழைப் பெறும் உரிமை 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அழிக்காமலும் அம்பலப்படுத்தாமலும் வைத்திருக்க முடியும் என்பதற்கு இது நடைமுறைச் சான்று.

குழந்தைக்குத் தன் பெயர் எப்போது தெரியும்?

‘கைக்குழந்தைக்கு என்ன தெரியும், எந்தப் பெயர் வைத்தாலும் ஒன்றுதானே’ என்பது எளிதில் வரும் பதில். 1995இல் மேண்டல், ஜுஸ்சிக், பிசோனி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்கு எதிராகப் பேசுகிறது. நாலரை மாதக் குழந்தைகள் மற்றப் பெயர்களைவிடத் தம் பெயரின் ஒலியை அதிக நேரம் உற்றுக் கேட்டன. அழுத்தமும் ஓசையும் ஒத்த வேறு பெயர்களிலிருந்தும் அதைப் பிரித்தறிந்தன. அது தன்னைக் குறிக்கிறது என்ற அறிவு அந்த வயதில் வந்துவிட்டதாக அந்த ஆய்வு சொல்லவில்லை. தன்னோடு கொஞ்சுபவர் குரலில் திரும்பத் திரும்ப வரும் அந்த ஒலி குழந்தைக்குப் பரிச்சயமாகிவிட்டது என்பது மட்டும் உறுதி.

இதை நம் சட்டக் காலக்கெடுவோடு பொருத்திப் பார்க்க வேண்டும். கைவிடப்பட்ட குழந்தை இரண்டு வயதுக்கு உட்பட்டதானால் இரண்டு மாதத்துக்குள்ளும், அதற்கு மேற்பட்டதானால் நான்கு மாதத்துக்குள்ளும் தத்துக்குரியது என்று அறிவிக்கப்படுகிறது. ஒப்படைத்த பெற்றோர் மனம் மாற இரண்டு மாதம் தரப்படுகிறது. அதன்பின் பெற்றோருக்குப் பரிந்துரைத்தல், சந்திப்பு, ஏற்பு எல்லாம் நடக்க வேண்டும். பிறந்த அன்றே தொட்டிலில் விடப்பட்ட குழந்தைகூட, புதிய வீட்டின் படியேறும்போது ஏறக்குறைய அந்த ஆய்வு சொல்லும் வயதை எட்டியிருக்கும். பெரும்பாலான குழந்தைகள் அதைத் தாண்டியிருப்பார்கள். இல்லத்து ஆயா எந்தப் பெயர் சொல்லித் தூக்கினாரோ அந்தப் பெயர் அதற்குள் குழந்தையின் காதில் பதிந்திருக்கும்.

இன்னொரு பதிலும் உண்டு, அது வலுவானது. நம் பிள்ளைகளுக்குச் சான்றிதழில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர், பாட்டி வாயில் குலதெய்வத்தின் பெயர் என்று இருப்பது சகஜம். எந்தக் குழந்தையும் இதனால் கெட்டுப்போகவில்லை. அப்படியிருக்க, தத்தெடுத்தவர்கள் புதுப் பெயர் வைத்தால் மட்டும் என்ன? இதை நான் முழுதாகத் தள்ளவில்லை. சேர்ந்து வரும் பெயர் குழந்தையை வளப்படுத்துகிறது. பழையதை இனி யாரும் உச்சரிக்கக் கூடாது என்று வரும் பெயர் வேறு வகை. அம்மாவையும் இல்லத்தையும் தோழர்களையும் படுத்த பாயையும் ஒரே நாளில் விட்டு வந்த நான்கு வயதுக் குழந்தையிடம், கூடவே எடுத்து வந்த ஒரே பொருளையும் கீழே வை என்பதற்கு நிகர் அது.

மாற்றியே ஆகவேண்டிய பெயர்களும் உண்டு. பெண் பிறந்ததே என்ற வெறுப்பில் ‘வேண்டாம்’ என்றும் ‘போதும்பொண்ணு’ என்றும் பெயர் வைக்கும் வழக்கம் நம் நாட்டில் இருக்கிறது. அப்படியொரு பெயரைச் சுமந்து வரும் சிறுமிக்குப் புதிய பெயர் விடுதலை. கொடுமைக்காரரிடமிருந்து மீட்கப்பட்ட குழந்தையைப் பழைய பெயர் வழியே கண்டுபிடித்துவிடும் ஆபத்து இருந்தாலும் மாற்றுவதே முறை. காரணம் கேட்கும் நடைமுறை ஒன்று இருந்தால் இத்தகைய மாற்றங்கள் தடைப்படாது. கேட்டவுடன் நியாயம் விளங்கிவிடும்.

பழைய பெயரின் தேவை

குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992 டிசம்பரில் சேர்ந்தது. அதன் 7ஆம் உறுப்பு பிறந்ததிலிருந்தே பெயருக்கான உரிமையைத் தருகிறது. 8ஆம் உறுப்பு பெயர், குடும்ப உறவு உள்ளிட்ட அடையாளத்தைப் பாதுகாத்துக்கொள்ளும் உரிமையைச் சொல்கிறது. இந்த 8ஆம் உறுப்பு அர்ஜென்டினா முன்மொழிந்தது. 1976 முதல் 1983 வரை அங்கே ராணுவ ஆட்சி காணாமலடித்தவர்களின் குழந்தைகள், வேறு குடும்பங்களில் வேறு பெயர்களில் வளர்க்கப்பட்டார்கள். அவர்களைத் தேடிய பாட்டிமார்களின் போராட்டம்தான் அந்த உறுப்பின் பின்னணி.

நமக்கும் அந்தப் பாடம் அந்நியமன்று. சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து கடத்தப்பட்ட குழந்தைகள் போலிப் பெயரிலும் போலி ஒப்படைப்புப் பத்திரங்களிலும் ஆஸ்திரேலியா, நெதர்லாந்து போன்ற நாடுகளுக்குத் தத்தாக அனுப்பப்பட்டது 2005இல் வெளிச்சத்துக்கு வந்தது. பல ஆண்டுகள் கழித்துப் பெற்றவர்கள் தேடியபோது, ஆவணத்திலிருந்த பெயர் பிள்ளையின் பெயராகவே இல்லை. சட்டப்படி நடக்கும் தத்தை இதோடு ஒப்பிடுவது தவறு. ஆனால் பெயர்ச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் திரும்பிப் போக வழியில்லை என்பதை இது காட்டுகிறது. நம் ஒழுங்குமுறைகளே வேர்தேடலுக்கு இடம் தருகின்றன. பதினெட்டு வயதானவர் தாமாகவும், அதற்குட்பட்டவர் தத்துப் பெற்றோரோடு சேர்ந்தும் விண்ணப்பிக்கலாம். பெற்றவரின் அந்தரங்க உரிமை மீறப்படக் கூடாது. தேடும் உரிமையைக் கொடுத்துவிட்டுத் தேடுவதற்கான முதல் தடயத்தைக் கவனிக்காமல் விடுவது பொருந்தாது.

எதை மாற்றலாம்?

முன்னெழுத்தைப் பொறுத்தவரை, தத்து உத்தரவோ பதிவான பத்திரமோ கிடைத்தவுடன் பிறப்புப் பதிவு, பள்ளிப் பதிவு, ஆதார் மூன்றிலும் அது தானாக மாற வேண்டும். தனித்து வாழும் பெண் தத்தெடுத்தால் தாயின் முன்னெழுத்து, வேறு கேள்வியின்றி. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மணமாகாத தாயிடம் தந்தை பெயரைக் கேட்காமலே பிறப்புச் சான்றிதழ் தரச் சொன்ன பிறகு, இதில் விவாதத்துக்கு எதுவும் மிச்சமில்லை.

பெயரைப் பொறுத்தவரை, தத்து மனுவில் அது தனிக் கோரிக்கையாகவும் காரணத்தோடும் இருக்க வேண்டும். பேசத் தெரிந்த குழந்தையிடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் அலுவலர் தனியாகக் கேட்டு எழுத வேண்டும். பத்து வயதைக் கடந்த பிள்ளை மறுத்தால் மாற்றக் கூடாது என்பது என் கருத்து. வயது எல்லையை எங்கே வைப்பது என்பதில் மாற்றுக் கருத்துக்கு இடமுண்டு. கைக்குழந்தையானால் பழைய பெயரையும் புதிய பெயரோடு சேர்த்து வைக்கும் வாய்ப்பைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லலாம், கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. பல ஆண்டுகள் காத்திருந்து, குழந்தைக்கென்று ஒரு பெயரை மனதில் வளர்த்து வந்தவர்களின் ஆசையும் மதிக்கத்தக்கதே.

இவற்றில் பெரும்பகுதிக்கு நாடாளுமன்றம் கூடத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளையும் அவற்றின் படிவங்களையும் மத்திய அரசு அறிவிக்கை மூலமே திருத்தலாம். தத்துக் குழந்தைகளுக்கு அரசிதழ் வெளியீட்டிலிருந்து விலக்களிக்க மாநில அரசின் ஆணை போதும். சட்டத் திருத்தம் வேண்டியிருப்பது 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்கே. இன்றைய நிலையில், பதினான்கு வயதுப் பையனைச் சித்தப்பா வீட்டுக்குத் தத்துக் கொடுத்து, ஒன்பதாம் வகுப்பு வரை அவன் எழுதிவந்த பெயரை மாற்றக் கோரும் விண்ணப்பத்தில் பெற்றோரின் கையொப்பம் மட்டும் இருந்தால் போதும். அவன் கையொப்பத்துக்கு அதில் இடமில்லை.